வடகடல் ஓரம் பன்னிரண்டு நாள்

நார்வே கடற்கரையை ஒட்டி வடக்கே போகும் கப்பலைப் பற்றி எழுதச் சொல்லி நம் ஓய்வூதியர் வட்டத்தில் மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கதைதான். பிள்ளையோ பெண்ணோ பிரான்சில் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு வாருங்கள், எல்லோருமாக எங்காவது போகலாம் என்கிறார்கள். எழுபது வயதுக்கு மேல் அந்தக் குளிரில், அந்தக் கடலில் முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். 2023 ஜூலையில் நான் போய் வந்தேன். அப்போது எனக்கு 73, என் மனைவிக்கு 68, அண்ணனுக்கு 81. கூட வந்தவர்கள் அண்ணன் மகள், பிரெத்தாஞ் ஊர்க்காரரான அவள் கணவர், பதினைந்தும் பதினொன்றுமாக இரண்டு பிள்ளைகள். மொத்தம் ஏழு பேர்.

செலவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமாஸ்தா ஓய்வூதியத்தில் நடக்கிற காரியம் இல்லை இது. பணியில் இருந்தபோது எல்.டி.சி.யில் கன்னியாகுமரியும் காசியும் பார்த்தவன் நான். இந்தப் பயணம் அண்ணன் செலவு. அவர் 1962இல் இருபது வயது. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தார். அப்பா இந்தியராகவே இருந்துவிட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம். அடுத்த வருஷம் அண்ணன் பம்பாய்க்கு ரயிலேறி அங்கிருந்து மார்செய்க்குக் கப்பலேறினார். சொல்தாவாகப் போனவர், பிறகு அங்கேயே குடும்பஸ்தர் ஆனார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு நாள் இருந்ததே இல்லை. அவர் வந்தால் ஒரு கல்யாணம் இருக்கும், இல்லை ஒரு சாவு இருக்கும்; வீடு நிறைய ஆள் இருக்கும்.

இனிக் கப்பல். சூதாட்டக்கூடமும் நீச்சல்குளமும் பத்து மாடியுமாக விளம்பரத்தில் வருகிறதே, அந்த மாதிரிக் கப்பலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது கடலில் ஓடுகிற டவுன் பஸ். பெர்கனில் கிளம்பி ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்க்கெனஸ் வரை போய்த் திரும்பி வரப் பன்னிரண்டு நாள். வழியில் 34 துறைகள். சில துறைகளில் மூன்று மணி நேரம் நிற்கும், சிலவற்றில் கால் மணிதான். உள்ளூர்ப் பெண்மணி ஒருத்தி பையோடு ஏறி இரண்டு துறை தள்ளி இறங்கிப் போவாள். கப்பலின் விலாவில் ஒரு பெரிய கதவு திறக்கும். உள்ளேயிருந்து வண்டிகள் சரக்கை இறக்கும், ஏற்றும். எனக்கு மலைகளைவிட அந்தக் கதவுதான் பிடித்திருந்தது. முப்பத்தைந்து வருஷம் கோப்பு ஏற்றி இறக்கியவனுக்கு வேறென்ன பிடிக்கும்!

இந்தச் சேவையின் பிறப்பும் ஒரு அரசாங்க ஒப்பந்தம்தான். அந்தக் காலத்தில் த்ரோன்ஹைமிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்குக் குளிர்காலத்தில் கடிதம் போய்ச் சேர ஐந்து மாதம் ஆகுமாம். வடக்கே கலங்கரை விளக்குகள் குறைவு, கடல் வரைபடமும் சரியில்லை. இரவில் கப்பல் ஓட்ட யாரும் துணியவில்லை. ரிச்சர்ட் வித் என்ற மாலுமி மட்டும் ஒப்புக்கொண்டார். 1893 ஜூலை 2ஆம் தேதி ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பல் முதல் தபாலோடு த்ரோன்ஹைமை விட்டது. அதற்கு ‘ஹுர்டிக்ரூட்டன்’ என்று பெயர். விரைவு வழி என்று அர்த்தம். 2021 முதல் இரண்டு நிறுவனங்கள் அரசு ஒப்பந்தத்தில் இந்த வழியைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. பெயர்தான் விரைவு வழி. நமக்கு ஆற அமரத்தான் இருக்கிறது.

விசா பற்றிக் கவலை வேண்டாம். நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லாவிட்டாலும் ஷெங்கன் கூட்டத்தில் இருக்கிறது. நம் மாதிரி இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் பிரான்சில் அதிக நாள் தங்குவதாக இருந்தால் பிரெஞ்சு விசாவே போதும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எப்படியும் கேட்பார்கள். அந்தக் காகிதத்தின் நகலைப் பெட்டியில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காசு குரோனர், எங்கும் அட்டையே செல்லும். கப்பலில் காபி விலையைக் கேட்டு என் மனைவி ரூபாயில் கணக்குப் போட ஆரம்பித்தாள். அதை முதல் நாளே நிறுத்தச் சொன்னேன். அந்தக் கணக்கைப் போட்டால் அங்கே ஒரு வாய்க் காபி இறங்காது.

துணிமணி விஷயத்தில் ஒரே கனமான கோட்டை நம்ப வேண்டாம். ஜூலையிலும் தெற்கே பெர்கனில் மழை, வடக்கே ஊசிக் காற்று. மெல்லிய கம்பளி ஒன்று, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றும் மழையும் புகாத அங்கி என்று அடுக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே போனால் உரிக்கலாம், மேல்தளத்துக்குப் போனால் மாட்டலாம். மனைவி ஊட்டிக்கு வாங்கிய மங்கி குல்லாவைக் கொண்டுவந்தாள். பேரப்பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் சின்னவன் அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

பெரும்பாலும் கப்பல் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே, குளத்தில் போவது போலப் போகிறது. திறந்த கடல் சில இடங்களில்தான் வரும். ஸ்டாட் முனை, ஹுஸ்டாட்விக்கா, பூடோவிலிருந்து லோஃபோட்டன் தீவுகளுக்குத் தாண்டும் நாலு மணி நேரம், வடமுனைக்கு அப்பாலுள்ள பாரன்ட்ஸ் கடல். அந்த நேரங்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, லேசாகச் சாப்பிட்டுவிட்டு, கப்பலின் நடுப்பகுதியில் அடிவானம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். வாந்தி மாத்திரையை உங்கள் டாக்டரைக் கேட்டே எடுங்கள். நம் மற்ற மாத்திரைகளோடு அது சேருமா என்று பார்க்க வேண்டும். நான் இஞ்சி மரப்பாவோடு சமாளித்தேன். அறை எடுக்கும்போதும் கீழ்த்தளமாக, நடுவிலாகக் கேளுங்கள். மேலே கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள் அழகுதான், ஆனால் ஆட்டமும் அங்கேதான். குளியலறை ஒரு அலமாரி அளவு, வாசலில் படி தடுக்கும். அண்ணனைத் தனி அறையில் விடாமல் பெரிய பேரனை அவரோடு போட்டது அண்ணன் மகள் செய்த நல்ல காரியம். பையன் முதலில் முகத்தைத் தூக்கினான். பிறகு பார்த்தால் இரண்டு பேரும் நள்ளிரவில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நள்ளிரவு என்றேன். பூடோவுக்குத் தெற்கே 66 பாகை 33 கலையில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிவிட்டால் கோடையில் அந்தச் சொல்லுக்கு அங்கே பொருள் இல்லை. சிறு பாறைத் தீவு ஒன்றில் உலக உருண்டை மாதிரி ஒரு கம்பிக் கூண்டு நிற்கும். கப்பல் அதைத் தாண்டும்போது ஊதும்; பிறகு கடல் தேவன் வேஷம் போட்ட ஒருவர் வரிசையில் வருகிறவர்களின் கழுத்துக்குள் பனிக்கட்டி போடுவார். இளையவர்களுக்கு விட்டுவிடுங்கள். நம் வயதுக்காரர்களுக்கு உள்ள சிக்கல் வேறு. பொழுது சாயாததால் மாத்திரை நேரம் குழம்பும். இரவு பத்தரைக்குச் சாயங்காலம் நாலரை போல வெயில் அடிக்கும். கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். தூங்கக் கண்பட்டை ஒன்று எடுத்துப் போங்கள். என் மனைவிக்கு வேறொரு சங்கடம். அந்தி வந்தால் விளக்கேற்றுவது நாற்பத்தைந்து வருஷப் பழக்கம். கப்பலில் தீக்குச்சி உரசக் கூடாது, அந்தியும் இல்லை. ஆறு மணிக்குச் சன்னல் பக்கம் நின்று கண்ணை மூடிக்கொள்வாள். “நாம விளக்கேத்தணும்னு இல்ல, இங்க அவரே அணையாம நிக்கிறாரு” என்றாள் சூரியனைக் காட்டி.

சாப்பாட்டில் புதுச்சேரிக்காரனுக்குக் குறை இல்லை. மீன், மீன், மீன். சூப்பிலும் மீன். ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயும் கொஞ்சம் பருப்புப் பொடியும் இருந்தால் பன்னிரண்டு நாளும் ஓடிவிடும். லோஃபோட்டனில் கடற்கரை ஓரமெல்லாம் ஆளுயரத்துக்கு மேல் மரச்சட்டங்கள் நின்றன. மாசியிலிருந்து சித்திரை, வைகாசி வரை காட் மீனை வால்களைச் சேர்த்துக் கட்டி அவற்றில் தொங்கவிடுவார்களாம். உப்புப் போடுவதில்லை, குளிர்காற்றே காயவைக்கிறது. நாங்கள் போனபோது மீனை இறக்கிவிட்டிருந்தார்கள், வாடை மட்டும் மிச்சம். இறங்கியதும் அண்ணன் மூக்கை உறிஞ்சி, “வைத்திக்குப்பம்டா” என்றார். மீன் உடம்பு இத்தாலிக்குப் போகிறது, காய்ந்த தலை நைஜீரியாவுக்குப் போகிறது. கருவாட்டுத் தலையில் ருசி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் நாம் மட்டும் இல்லை.

இப்போது முக்கியமான யோசனைக்கு வருகிறேன். ஏழு பேர் ஒன்றாகப் போனால் ஏழு பேரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கக் கூடாது. அண்ணன் மகள் பாரிசில் கணக்காளர். எந்தத் துறையில் எந்தச் சுற்றுலா, யார் யார், எத்தனை மணி என்று அட்டவணையே போட்டு வந்திருந்தாள். மூன்றாம் நாள் த்ரோன்ஹைமில் அது உடைந்தது. பிள்ளைகளுக்குத் தேவாலயம் வேண்டாம், மாப்பிள்ளைக்குத் தூக்கம் வேண்டும், அண்ணனுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவள் துறைமுகத்திலேயே நின்று அழுதுவிட்டாள். “சித்தப்பா, அப்பாவுக்கு எல்லாம் காட்டணும்னுதான்” என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். அட்டவணையை அன்றைக்கே மடித்து வைத்தோம். அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி: இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு பேரும் ஒரே மேசைக்கு வர வேண்டும். மற்ற நேரம் அவரவர் பாடு. அதிலிருந்து எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருந்தது. எல்லோரும் ஒன்றையே பார்த்துவிட்டு வந்தால் மேசையில் என்ன பேசுவது?

கரையில் இறங்குகிறவர்கள் அரை மணி முன்பே திரும்பிவிடுங்கள். கப்பல் ஊதும், போய்விடும். அடுத்த கப்பல் மறுநாள் அதே நேரத்துக்குத்தான். இன்னொன்று, போகும்போது இரவில் கடந்த துறைகள் திரும்பும்போது பகலில் வரும். அதனால் போகும் வழியில் எதையாவது விட்டுவிட்டோமே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பணமோ உடம்போ இடம் தராது என்றால் கிர்க்கெனஸ் வரை போய் அங்கிருந்து விமானத்தில் ஓஸ்லோ வந்துவிடலாம்; அதுவும் நல்ல பயணம்தான்.

அண்ணன் வந்ததே நள்ளிரவுச் சூரியனுக்காகத்தான். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் பூகோளப் புத்தகத்தில் அந்தப் படம் இருந்தது. கடலுக்கு மேல் ஒரே சூரியன் பல தடவை, வரிசையாக இறங்கி மறுபடி ஏறும். அவர் படித்த புத்தகம் எட்டு வருஷம் கழித்து எனக்கு வந்தபோது அந்தப் படத்தின் ஓரத்தில் பென்சில் கோடு ஒன்று இருந்தது. ஏன் போட்டார் என்று அப்போது கேட்க ஆள் இல்லை. அவர் மார்செய்க்குப் போயிருந்தார்.

பலர் நினைப்பது போல வடமுனையில் வைத்து அந்தச் சூரியனைப் பார்க்க முடியாது. இந்தக் கப்பல் ஹொன்னிங்ஸ்வோக் துறைக்கு வருவது நடுப்பகலில். நள்ளிரவுச் சூரியனைக் கப்பலில் இருந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு மேகமும் வடக்கே மலையும் இல்லாமல் இருக்க வேண்டும். த்ரோம்சோவை விட்ட அன்றிரவு, ஷெர்வோய் துறையைத் தாண்டியதும் வடக்கே திறந்த கடல் வருகிறது, அங்கே விழித்திருங்கள். சரியாகப் பன்னிரண்டுக்கும் போகாதீர்கள். கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தைத் தள்ளி வைத்திருப்பதால் சூரியன் மிகத் தாழ்வாக இறங்குவது அங்கே பன்னிரண்டே முக்கால் வாக்கில்தான். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்ததால் இதையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மேல்தளத்தில் நாங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் குளிர் தாங்காமல் உள்ளே போயிருந்தார்கள். சூரியன் கடலுக்கு ஒரு விரல் மேலே நின்று, இறங்காமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: “வீட்டை வித்துடுப்பா.”

புதுச்சேரியில் எங்கள் அப்பா வீடு. எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரை, நான்கு இடத்தில் ஒழுகுகிறது. விடுதி ஆக்கவென்று வாங்க ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஓய்வு பெற்றதும் வந்து தங்குகிறேன் என்று அவர் 1990களில் சொன்னார். மாடி அறையில் அவர் கட்டிலை அப்படியே போட்டு வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் வீட்டுவரி இரண்டு பேர் பேரிலும் கட்டுகிறேன். தொலைபேசியில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு பேரும் மழை பெய்ததா என்று கேட்டுக்கொள்வோம்.

“நீங்க வந்து இருக்கப் போறேன்னு சொன்னீங்களே” என்றேன்.

“வரமாட்டேன். எனக்குத் தெரியும். அண்ணி போனதும் தெரிஞ்சுபோச்சு. உனக்கும் தெரியும், எனக்காக ஒழுகற கூரைய வச்சுக்கிட்டிருக்க.”

நான் பதில் சொல்லவில்லை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அவரும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கப்பலில் இந்த ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பேச்சு நடுவில் நின்று போனாலும் கடல் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பென்சில் கோட்டைப் பற்றிக் கேட்டேன். “நான் போட்டதில்ல. புத்தகம் எனக்கு வரும்போதே இருந்துது” என்றார்.

மறுநாள் வடமுனை. துறையிலிருந்து 34 கிலோமீட்டர் பேருந்து; மரமே இல்லாத தரை. 307 மீட்டர் உயரக் குன்று, விளிம்பில் இரும்பு உருண்டை. ஐரோப்பாவின் வட கோடி என்கிறார்கள். அளவைக்காரன் கண்ணுக்கு அது சரியில்லை: பக்கத்துத் தாழ்ந்த முனை ஒன்று இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே நீள்கிறது, தவிர இது தீவு. 1795இல், புரட்சிக்குத் தப்பி வேறு பேரில் அலைந்துகொண்டிருந்த லூயி பிலிப் இங்கே வந்திருக்கிறார். பிற்பாடு பிரான்சுக்கு ராஜா ஆனவர். “பள்ளிக்கூடத்தில் இவர் வருஷத்துக்காக அடி வாங்கியிருக்கேன்” என்றார் அண்ணன். முழங்கால் காரணமாக உருண்டை வரை அவர் நடக்கவில்லை. கட்டடத்துக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அங்கே மகள் அவரை வற்புறுத்தவில்லை.

அந்தப் பகுதியில் ஒரு விஷயம் என்னைத் தொந்தரவு செய்தது. ஊர்களில் பழைய வீடே கண்ணில் படவில்லை. 1944 கடைசியில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது மக்களை வெளியேற்றி ஃபின்மார்க்கின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. ஹொன்னிங்ஸ்வோக்கில் நின்றது தேவாலயம் ஒன்றுதான். திரும்பி வந்தவர்கள் முதலில் அதற்குள்ளேயே குடியிருந்து, பிறகு ஒவ்வொரு வீடாகக் கட்டியிருக்கிறார்கள். இதை அண்ணனிடம் சொன்னேன். “பாத்தியா” என்றார். அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

திரும்பும் வழியில் ஹாமர்ஃபெஸ்டில் ஒரு தூணைத் தேடிப் போனேன், தனியாக. பூமியின் அளவையும் வடிவத்தையும் கணக்கிட இங்கிருந்து கருங்கடல் வரை 2,820 கிலோமீட்டருக்கு முக்கோணம் முக்கோணமாக அளந்த ஸ்ட்ரூவே வளைவின் வட முனை அது. 1816இல் தொடங்கி 1855 வரை நடந்த வேலை. அதற்குப் பதினாலு வருஷம் முன்பே 1802இல் லாம்ப்டன் நம் பரங்கிமலைப் பக்கத்தில் அதே வேலைக்கு அடிக்கோடு போட்டார். பேருந்து வந்த கூட்டம் வேறு பக்கம் போயிருந்தது. தூணைத் தொட்டுப் பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை, அது எனக்கான இடம்.

தெற்கு நோக்கி ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும்போது பனிக்கட்டி கிடையாது, ஒரு கரண்டி மீன் எண்ணெய். விழுங்கினால் கரண்டி உங்களுக்கே. சின்ன வயதில் அம்மா எங்கள் இருவரையும் கிணற்றடியில் நிறுத்தி மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். அண்ணன் தட்டாமல் விழுங்கினார். ஆனால் முகம் அந்தக் கிணற்றடி முகம்தான். பேரன் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு இன்னும் அட்வான்ஸ் வாங்கவில்லை. பிரான்சிலிருந்து அவர் அனுப்பிய அதிகாரப் பத்திரம் அலமாரியில் இருக்கிறது. மழைக்கு முன்னால் மாடியைக் காலி செய்ய வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு கரண்டியும் எங்கள் வீட்டில்தான். அண்ணன் தன்னுடையதையும் அவளிடம் கொடுத்துவிட்டார். ஒன்று நார்த்தங்காய் ஜாடியில், ஒன்று மாங்காய் ஜாடியில்.